சூரிய கிரகணம்: அஞ்ச வேண்டியது எதற்கு? காண வேண்டியது எவ்வாறு?



எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் படைத்து, அவற்றின் ஓட்டத்தைக் கணக்கோடு அமைத்த வல்லோன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

2027ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதி, திங்கட்கிழமை, புனித மக்கா நகரின் மீது முழுச் சூரிய கிரகணம் நிகழவிருக்கின்றது. அதே நாளின் மாலையில் நமது மட்டக்களப்பு வாவிக்கரையிலும் சூரியனின் ஒரு பகுதி மறைக்கப்படும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2031 மே மாதத்தில், நமது நாட்டின் வடமுனையில் வளைய கிரகணமும் வரவிருக்கின்றது. எனவே கிரகணத்தை எங்கே நின்று, எவ்வாறு பார்ப்பது, அவ்வேளையில் ஒரு முஸ்லிம் செய்ய வேண்டியது யாது என்பவற்றை இப்பொழுதே அறிந்து வைத்துக்கொள்வது பயனுடையதாகும்.

கிரகணம் என்றதும் நம் ஊர்களில் நிகழ்வதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். வீட்டினுள்ளே கதவுகளும் யன்னல்களும் சாத்தப்படுகின்றன. சமைத்த உணவு மூடி வைக்கப்படுகின்றது, சில வீடுகளில் கொட்டியும் விடப்படுகின்றது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் மகளை உம்மம்மா அறையை விட்டு அசைய விடுவதில்லை. கத்தியைத் தொடாதே, கத்தரிக்கோலைத் தொடாதே என்கின்றார். அதே வேளை, அதே வீட்டின் வளவிலே பத்து வயதுப் பையன்கள் பழைய எக்ஸ்றே படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணீர் வடியச் சூரியனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களைத் தடுப்பார் எவருமில்லை. உள்ளே இருப்போர் அஞ்சத் தேவையில்லாத நிழலுக்கு அஞ்சுகின்றனர். வெளியே நிற்போர் அஞ்சியே ஆக வேண்டிய ஒளிக்கு அஞ்சாதிருக்கின்றனர்.

கிரகணம் பற்றிய நமது மார்க்கத்தின் போதனை ஒரு தந்தையின் துயரத்தினூடாகவே நமக்கு வந்து சேர்ந்தது. நபிகளாரின் அருமை மகன் இப்ராஹீம் (ரழி) குழந்தைப் பருவத்திலேயே மதீனாவில் வபாத்தானார்கள். அன்றைய தினமே சூரியனைக் கிரகணம் பிடித்தது. இறைத்தூதரின் பிள்ளை இறந்ததனாலேயே சூரியன் ஒளி குன்றியது என்று மக்கள் பேசிக்கொள்ளலாயினர். அன்பு மகனை மண்ணில் வைத்த நாளிலும், அந்தப் பேச்சை நபிகளார் ஒரு கணமேனும் அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை மறைவதில்லை. அதனைக் கண்டால் தொழுங்கள், இறைவனை நினைவுகூருங்கள், தருமம் செய்யுங்கள் என்ற கருத்தில் மக்களுக்கு உபதேசித்தார்கள். ஸஹீஹான ஹதீஸ் தொகுப்புகளில் இச்சம்பவம் பல வழிகளில் பதிவாகியுள்ளது. பொய்ச் சமயங்களை அமைத்தோர் இத்தகைய சந்தர்ப்பத்தைக் கைநழுவ விட்டிருப்பார்களா என்பதை அறிவுடையோர் எண்ணிப் பார்க்கட்டும்.

மதீனாவில் கிரி. 632ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி பெரும் சூரிய கிரகணம் ஒன்று தென்பட்டிருக்க வேண்டும் என வானியல் கணிப்புக் காட்டுகின்றது. இது ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் ஷவ்வால் மாத இறுதியாகும். ஆயினும் சில வரலாற்று நூல்கள் இப்ராஹீம் (ரழி) அவர்களின் மறைவு மாதத்தின் பத்தாம் நாளில் நிகழ்ந்ததாகக் குறிப்பிடுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் அதனை மறுத்தார்கள். சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் இறுதியிலேயே நிகழும், பத்தாம் நாளில் நிகழ வழியே இல்லை என்பது அவர்களது வாதம். வானத்தின் கணக்கை அறிந்திருப்பது வரலாற்றுச் செய்தியொன்றைச் சீர்தூக்கிப் பார்க்கவும் உதவியது என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தக் கணக்கு யாது? பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வந்து நிற்பதே சூரிய கிரகணம். பிறை தேய்ந்து முற்றாக மறையும் 28, 29ஆம் நாட்களிலேயே சந்திரன் அந்த இடத்துக்கு வரும். அப்படியானால் மாதந்தோறும் கிரகணம் வர வேண்டுமல்லவா என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. சந்திரனின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சரிந்திருக்கின்றது. ஆதலால் பெரும்பாலான மாதங்களில் சந்திரன் சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்து சென்றுவிடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு அண்மையில் மாத இறுதி நேர்ந்தால் மட்டுமே கிரகணம் உண்டாகும்.

இன்னுமொரு பொருத்தம் வியப்புக்குரியது. சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப் போல் சுமார் 400 மடங்கு பெரியது. சூரியனின் தூரமும் சந்திரனுடையதைப் போல் சுமார் 400 மடங்கு. ஆகவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. சந்திரன் பூமிக்குச் சற்று நெருங்கியிருக்கும் காலத்தில் கிரகணம் வந்தால் அது சூரியனை முழுவதுமாக மூடிவிடும். அதுவே முழுக் கிரகணம். சற்றுத் தொலைவில் இருந்தால் சூரியனின் விளிம்பு நெருப்பு மோதிரம் போல் எஞ்சி நிற்கும்; அது வளைய கிரகணம். இவ்விரண்டும் பூமியின் மேல் ஓடும் ஒடுங்கிய பாதையொன்றினுள் நிற்போருக்கு மட்டுமே கிட்டும். பாதைக்கு வெளியே இருப்போர் காண்பது பகுதிக் கிரகணம். குறிப்பிட்ட ஓர் ஊர் முழுக் கிரகணத்தைக் காண்பது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒரு தடவை என மதிப்பிடப்பட்டுள்ளது. முழுக் கிரகணத்தைக் காண விரும்புவோர் அதைத் தேடிப் பயணம் செய்வது இதனாலேயே.

இவ்விடயத்தில் நமது தீவு பாக்கியம் பெற்றது எனலாம். 1871 டிசம்பர் 12ஆம் திகதியின் முழுக் கிரகணம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் தெரிந்தது. ஆங்கிலேய ஆய்வாளர்கள் அவ்விரு ஊர்களிலும் கருவிகளுடன் காத்திருந்தனர். பின்னர் 1955 ஜூன் 20ஆம் திகதி, திங்கட்கிழமை காலை எட்டு மணியளவில், கொழும்பு, பொலன்னறுவை உட்பட இலங்கையைக் குறுக்கே கடந்து சந்திரனின் நிழல் ஓடியது. 200 கிலோமீற்றரைத் தாண்டிய அகலம் கொண்ட அந்நிழலின் கீழ் நமது கிழக்குக் கரையும் அகப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுவே. தென்சீனக் கடலில் 7 நிமிடம் 8 விநாடி வரை அது நீடித்தது. பிறநாட்டு ஆய்வுக் குழுக்கள் ஹிங்குராக்கொடைப் பகுதியில் வந்து தங்கின. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாதலால் முகில் பலரை ஏமாற்றிவிட்டது.

ஆயினும் அந்தக் கிரகணம் நாட்டு மக்களின் நினைவில் நிலைத்தது விஞ்ஞானத்தினால் அன்று, ஒரு வதந்தியினால். கிரகண வேளையில் வசம்பு சேர்ந்த மருந்துக் கலவையை அருந்தினால் மேனி வெளுத்து அழகு பெறும் என்ற பேச்சு எங்கும் பரவிற்று. அதை நம்பிப் பருகிய பெண்கள் பலர் நோயுற்று வைத்தியசாலைகளை நாடினர். வசம்பைச் சிங்களத்தில் ‘வதகஹ’ என்பர். ‘வதகஹ சுதிய’ என்ற கேலிச்சொல் இன்றளவும் சிங்கள மக்களிடையே வழங்குகின்றது. சந்திரனின் நிழல் ஒருவரையும் தீண்டவில்லை. ஆராயாமல் நம்பிய மனமே தீங்கிழைத்தது. அன்று செவிவழியாகப் பரவிய வதந்தி இன்று கைத்தொலைபேசியில் பரவுகின்றது. வேகம் மட்டுமே கூடியுள்ளது.

2010 ஜனவரி 15ஆம் திகதி வளைய கிரகணம் நேர்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை! முற்பகல் பதினொரு மணி கடந்து தொடங்கிய கிரகணம் பிற்பகல் மூன்று மணி வரை நீடித்தது. அதன் நடுவே ஜும்ஆ. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் முழு வளையம் தெரிந்தது. மட்டக்களப்பில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து, உச்சி வெயில் மங்கி, மாலைப் பொழுது போன்ற ஒளி படர்ந்தது. கிரகணத் தொழுகையும் ஜும்ஆவும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முற்படுத்துவது? ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இதற்கும் விடை கூறுகின்றன. ஜும்ஆவின் நேரம் தப்பிவிடும் என்ற அச்சமிருந்தால் கடமையான ஜும்ஆவே முதலில். நேரம் விசாலமாக இருந்தால் கிரகணத் தொழுகையை முதலில் தொழுது, பின்னர் ஜும்ஆ குத்பாவிலேயே கிரகணத்தைப் பற்றியும் கத்தீப் எடுத்துரைக்கலாம்.

அடுத்து வந்தது 2019 டிசம்பர் 26. சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் சூரியன் உதிக்கும்போதே வளையமாக எழுந்த அந்தக் கிரகணம், கட்டார், அமீரகம், ஓமான் ஆகியவற்றைக் கடந்து, தென்னிந்தியாவினூடாக நமது வடக்குக்கும் திருகோணமலைக்கும் வந்தது. நம் பகுதியில் காலை ஒன்பதரை மணியளவில் அது உச்சத்தை அடைந்தது. மட்டக்களப்பில் தெரிந்தது பகுதிக் கிரகணமே.

அந்தத் திகதியை நம் கரையோர மக்கள் மறப்பதற்கில்லை. சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2004ஆம் ஆண்டின் அதே நாளில், அதே காலைப் பொழுதில் கடல் பொங்கி வந்து நம் உறவுகளை வாரிச் சென்றது. அந்நாளில் சூரியன் இருளும்போது உள்ளம் நடுங்குவது மனித இயல்பு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் உண்மையை உரைப்பது கடமை. சுனாமி சுமாத்ராவுக்கு அண்மையில் கடலடியில் நேர்ந்த பூமியதிர்ச்சியின் விளைவு. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி தினமாகும். அதாவது, சூரிய கிரகணம் நிகழவே முடியாத நாள். தன் மகனின் மரணத்தையே கிரகணத்துடன் இணைக்க அனுமதிக்காத நபியின் உம்மத்தினர், நமது இழப்புக்களைக் கிரகணத்துடன் முடிச்சுப் போடலாகாது.

இனி, அஞ்ச வேண்டியதற்கு வருவோம்.

கிரகணச் சூரியனிலிருந்து தனியான நச்சுக் கதிர் எதுவும் வருவதில்லை. நாள்தோறும் வரும் அதே ஒளிதான் வருகின்றது. ஏனைய நாட்களில் கூச்சத்தினால் நாம் உடனே கண்ணை விலக்கிக்கொள்கின்றோம். கிரகண வேளையிலோ வெளிச்சம் குறைந்து கூச்சம் தணிவதால், ஆவலும் சேர்ந்துகொள்ள, நிமிடக்கணக்கில் உற்று நோக்குகின்றோம். எஞ்சியிருக்கும் பிறையளவு சூரியனும், கண்ணின் வில்லையினூடாகக் குவிந்து விழித்திரையின் நடுப்பகுதியைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. ஆகவே பையனுக்கு அவ்வேளை எதுவும் தெரியாது. சில மணித்தியாலங்கள் கழிந்த பின்னர், அல்லது மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் எழுத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி நிற்பதைக் காண்பான். சிலருக்கு அது மாதங்கள் சென்று குறையும். சிலருக்கு ஆயுள் முழுவதும் நிலைத்துவிடும். அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. சிறுவரின் கண்வில்லை பெரியவர்களுடையதை விடத் தெளிவானதாகையால் அவர்களுக்கு ஆபத்தும் அதிகம். பார்வை என்பது மறுமையில் கேள்வி கணக்குக்குரிய அமானிதம் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்க.

எக்ஸ்றே படம், புகை பிடித்த கண்ணாடி, இறுவட்டு, கூலிங் கிளாஸ், புகைப்படச் சுருள் ஆகிய எதுவும் பாதுகாப்பானதல்ல. அவை வெளிச்சத்தை மங்கச் செய்தாலும், கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை உள்ளே விடக்கூடும். நம் பகுதியினர் கவனிக்க வேண்டிய மற்றொன்று நீரில் தெரியும் சூரியன். பாத்திரத்து நீரில் பார்ப்பது பழைய வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர் அல்பிரூனி, இளமையில் கிரகணச் சூரியனை நேரே பார்த்ததால் தம் பார்வை பலவீனமுற்றதைக் குறிப்பிட்டு, நீரின் பிரதிபலிப்பில் பார்ப்பதே மேல் என எழுதினார். அவர் காலத்தில் கிட்டிய வழிகளுள் அது சிறந்தது. இன்றோ நாம் கணக்கிட்டுப் பார்க்கலாம். சூரியன் உச்சியில் இருக்கும்போது நீர்ப்பரப்பு ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. முறையான கிரகணக் கண்ணாடியோ இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடுவதில்லை. ஆகவே நீரில் தெரியும் சூரியன் கண்ணாடியில் தெரிவதை விட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசமானது. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்க, வாவி நீர் இன்னும் பன்மடங்கு ஒளியைத் தெறிக்கச் செய்யும். தோணியில் நிற்போரும் பாலத்தில் நிற்போரும் வாவியில் மின்னும் சூரியனை உற்று நோக்கக் கூடாது.

நேரே பார்க்க விரும்புவோர் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தர இலக்கமுடைய கிரகணக் கண்ணாடியை நம்பகமான இடத்தில் பெற வேண்டும். அதை அணிந்தால் சூரியனைத் தவிர வேறெதுவும் தெரியலாகாது. வீட்டு மின்குமிழின் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் அது போலி. கீறல் விழுந்ததையும் வீசிவிடுங்கள். வெல்டிங் வேலைக்கான 14ஆம் இலக்கக் கண்ணாடியும் உகந்தது. ஆனால் பட்டறைகளில் அன்றாடம் பாவிக்கும் 10, 11ஆம் இலக்கங்கள் போதா. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கி, கமரா ஆகியவற்றின் ஊடாகப் பார்ப்பதும் பேராபத்து. குவிந்த ஒளி அந்தக் கண்ணாடியையே எரித்து ஊடுருவும்.

செலவற்ற வழியொன்றும் உண்டு. அதனையே நாம் சிறுவர்களுக்கு மிகவும் விரும்புகின்றோம். ஒரு மட்டையில் ஊசியால் சிறு துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளையினூடாக வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் விழுவது வெறும் ஒளிப்புள்ளியன்று; சூரியனின் உருவமே அது. சூரியன் பிறையாகும்போது அதுவும் பிறையாகும். மட்டைக்கும் தாளுக்கும் ஒரு மீற்றர் இடைவெளி இருந்தால் உருவம் சுமார் 9 மில்லிமீற்றர் வரும். இடியப்ப உரலின் அடித்தட்டை வெயிலில் பிடித்தால் தரையில் பத்துப் பன்னிரண்டு பிறைகள் ஒன்றாக விழும். கிடுகு வேலியின் ஓட்டைகளும் மாமர நிழலின் இலை இடுக்குகளும்கூட வளவெங்கும் பிறைகளைக் கொட்டிவிடும். சின்னக் கண்ணாடித் துண்டொன்றை 5 மில்லிமீற்றர் துளையிட்ட தாளால் மூடி, வெயிலில் வைத்து, அதன் ஒளியைப் பத்து மீற்றர் தொலைவிலுள்ள இருண்ட சுவருக்குத் திருப்பினால், உள்ளங்கை அளவு சூரியனை ஒரு வகுப்பே அமர்ந்து பார்க்கலாம். கண்ணாடித் துண்டை மட்டும் எவரும் குனிந்து பார்க்கலாகாது.

துளையினூடே விழும் இந்தப் பிறையை முறையாக ஆராய்ந்து கிரகணத்தின் உருவம் பற்றித் தனி நூலே எழுதியவர் நம் முன்னோரான இப்னுல் ஹைத்தம். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அவரின் பெயரைச் சொல்லி இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள்.

முழுக் கிரகணத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. சந்திரன் சூரியனை முற்றாக மூடிய அந்தச் சில நிமிடங்களில் வெறுங்கண்ணால் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கறுத்த வட்டத்தைச் சுற்றி வெண்ணிறச் சுடர்வட்டம் விரியும்; பகலில் வெள்ளி தெரியும். விளிம்பில் முதல் ஒளித்துளி மீண்டும் பளிச்சிட்டதும் கண்ணாடி உடனே கண்ணுக்குத் திரும்ப வேண்டும். வளைய கிரகணத்திலும் பகுதிக் கிரகணத்திலும் இந்தச் சலுகை ஒரு விநாடிகூட இல்லை. இந்த வேறுபாட்டை நன்கு மனதிற் கொள்ளுங்கள்.

ஏனெனில், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஜித்தாவிலும் மக்காவிலும் தொழில் புரிகின்றனர். 2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி நிழல் ஸ்பெயினின் தென்முனை, மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா, லிபியா, எகிப்து வழியாக வந்து செங்கடலைக் கடந்து ஹிஜாஸில் இறங்கும். எகிப்தின் லுக்ஸர் அருகே 6 நிமிடத்துக்கு மேல் அது நீடிக்கும். ஜித்தாவில் சுமார் 6 நிமிடமும், மக்காவில் ஏறத்தாழ 5 நிமிடமும் இருள் நிற்கும். அங்கு அது லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம். மதீனா பாதைக்கு வெளியே இருப்பதால் அங்கே பகுதிக் கிரகணம் மட்டுமே. மதீனாவில் இருப்போர் கண்ணாடியைக் கழற்றும் கணமே கிடையாது. மக்காவில் இருப்போருக்குச் சில நிமிடங்கள் உண்டு. அக்காலத்தில் உம்ராவுக்குச் செல்வோரும் அங்கு வேலை செய்வோரும் இதனை அறிந்து செல்வது நலம். தொலைபேசியில் பேசும்போது மகனிடம் உம்மாவே இதனை எடுத்துச் சொல்லலாம்.

நம் வாவிக்கரையில் அன்று மாலை, அஸருக்குப் பின்னர், மேற்கே சரியும் சூரியனில் ஒரு பகுதி கடிபட்டது போல் தோன்றும். காத்தான்குடி, கல்லாறு போன்று கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர்களில் கடற்கரைக்குப் போவதில் பயனில்லை. கடல் கிழக்கே இருக்கின்றது. வாவிப் பக்கமே மேற்கு வானம் தடையின்றித் திறந்திருக்கும். நீரின் பளபளப்பைப் பற்றி முன்னர் கூறிய எச்சரிக்கை அன்றுதான் மிகவும் தேவைப்படும்.

அஸருக்குப் பின்னர் உபரித் தொழுகை இல்லையே, கிரகணத் தொழுகை எவ்வாறு என்ற ஐயம் சிலருக்கு எழும். காரணத்தோடு கூடிய தொழுகைகளை அவ்வேளையில் நிறைவேற்றலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் முடிவு. கிரகணத் தொழுகைக்குக் கிரகணமே காரணம். அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத்தாகும். பாங்கும் இகாமத்தும் இல்லை. தொழுகைக்கு ஒன்றுகூடுமாறு அழைப்பு மட்டும் விடுக்கப்படும். இரண்டு ரக்அத்துகள், ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு நிலைகள், இரண்டு ருகூஉகள். நீண்ட கிராஅத், நீண்ட ருகூஉ. சூரிய கிரகணம் பகலில் நிகழ்வதால் சப்தமின்றி ஓதுதல் நம் மத்ஹபின் வழக்கு. பின்னர் குத்பா. சூரியன் முற்றாக விடுபட்டாலோ கிரகணத்துடனேயே அஸ்தமித்தாலோ நேரம் முடிந்துவிடும். களாச் செய்தல் இல்லை. வானியல் அட்டவணை நம்மை ஆயத்தம் செய்யவே. தொழுகை, கிரகணத்தைக் கண்டு உறுதி செய்த பின்னரே. தொடக்கம் முதலே முகில் மூடியிருந்து எதுவும் தெரியாவிடில் தொழுவதில்லை. கண்ட பின்னர் முகில் வந்து மறைத்தால் தொழலாம்.

பகுதிக் கிரகணம் பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்திற்குக் குறையாது நீடிக்கும். ஆதலால் தொழுகையா, பார்வையிடலா என்ற போட்டிக்கு இடமில்லை. தொடக்கத்தைப் பிள்ளைகளுடன் பார்த்து, பின்னர் பள்ளிவாசலில் கூடித் தொழுது, குத்பாவைக் கேட்டு, விடுபடுவதையும் பார்க்கலாம். படைப்பைச் சிந்தித்து நோக்குவது வணக்கத்துக்கு மாறானதன்று. பாட்டும் கூச்சலுமாக அதைக் களியாட்டமாக்குவதையே நாம் வெறுக்கின்றோம்.

பெண்களுக்கும் இதில் பங்குண்டு. மதீனாவின் கிரகணத் தொழுகையின்போது அஸ்மா (ரழி) அவர்கள் வந்து, மக்களுக்கு என்ன நேர்ந்தது என வினவ, தொழுகையில் நின்ற அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வானத்தின் பக்கம் சைகை காட்டினார்கள் என்பது ஹதீஸில் வந்துள்ளது. பிள்ளைத்தாய்ச்சியை அறையில் பூட்டி வைப்பதற்கு மார்க்கத்திலும் ஆதாரம் இல்லை, மருத்துவத்திலும் இல்லை. பிளவுபட்ட உதட்டோடு பிள்ளை பிறப்பது கத்தி பிடித்ததனால் அன்று. அவள் உண்ணலாம், நீர் அருந்தலாம், காய்கறி நறுக்கலாம், தொழலாம். மணிக்கணக்கில் அவளைப் பட்டினி போடுவதே தீங்கு. அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்கள் அவ்வேளையில் கோயில் நடை சாத்துவதும் முழுகுவதும் அவர்களது சமய வழக்கம்; அதைப் பரிகசிப்பது நமக்கு அழகன்று, அதைப் பின்பற்றுவதும் நமக்குரியதன்று.

இதன் பின்னர் நாம் எதிர்பார்த்திருக்கும் பெரிய கிரகணம் 2031 மே 21, புதன்கிழமை வருகின்றது. ஆபிரிக்காவில் தொடங்கித் தென்னிந்தியாவைக் கடந்து வரும் அதன் வளையப் பாதை நமது வட மாகாணத்தின் முனையைத் தொட்டுச் செல்லும். வளையத்தைக் காண விரும்பும் வாலிபர்கள் அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்வது உகந்தது. புறப்படுமுன் பாதையின் வரைபடத்தில் எல்லைக் கோட்டைப் பார்த்து, அதற்கு நன்கு உள்ளே இடம் தேர்ந்துகொள்ள வேண்டும். வாவிக்கரையில் பெரும் பகுதிக் கிரகணமாகத் தெரியும். கச்சான் காற்று வீசும் காலமாகையால் தென்மேற்கை விடக் கிழக்கில் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். நேரம் லுஹரை ஒட்டிய நண்பகல். சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேல். அண்ணாந்து கழுத்து நோவதை விட, மரத்தடியிலோ துளையிட்ட மட்டையின் கீழோ தரையைப் பார்த்திருப்பது இலகு. பாடசாலை நாளாக அமைந்தால், அவ்வேளை பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் இருக்கக்கூடும். அன்று காலையே அவர்களின் புத்தகப் பையில் ஒரு மட்டையும் ஒரு வெள்ளைத் தாளும் வைத்து அனுப்புங்கள்.